விமான நிலையத்து ஆங்கிலம் யாருடைய வீட்டு மொழி?

(முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘விமானப் பயணத்திலும் வணிகத்திலும் பயன்படும் ஆங்கிலச் சொற்கள்’. அடுத்த மாதம் உங்களில் சிலர் நேர்முகத் தேர்வுக்குப் போகிறீர்கள், இரண்டு பேர் முதன்முறையாக விமானம் ஏறப் போகிறீர்கள், அதனால் ஒரு நாற்பது சொற்களை எழுதிப்போட்டு அர்த்தம் சொல்லிவிடுங்கள் என்று தோழர்கள் கேட்டார்கள். நாற்பது சொல்லை ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போகும்போது ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை வாசித்துக் காட்டுவதற்காக உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க மாட்டேன். அந்தச் சொற்களில் சிலவற்றை நான் எங்கே, எப்படி, என்ன விலை கொடுத்துக் கற்றேன் என்பதைச் சொல்கிறேன்.

முதல் சொல், ‘ஐல்’. நடைபாதை ஓரத்து இருக்கை. நான் முதன்முதலில் விமானம் ஏறியது இருபத்தேழாவது வயதில், சென்னையிலிருந்து தில்லிக்கு ஒரு கருத்தரங்குக்காக. கவுன்ட்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டே, “ஐல் ஆர் விண்டோ?” என்று கேட்டார். இந்தச் சொல்லை அதற்கு முன் பத்து நாவல்களிலாவது படித்திருப்பேன். அர்த்தம் தெரியும். ஆனால் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் மனதுக்குள் அது ‘அய்ஸ்லே’ என்றே இருந்தது. அந்தப் பெண் சொன்னது என் காதில் ‘ஐ வில்’ என்பதன் சுருக்கமாக விழுந்தது. சரி, அவர் ஏதோ செய்யப்போகிறார் போலிருக்கிறது, மீதி வாக்கியத்தை முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் பதில் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சை நான் இன்னும் மறக்கவில்லை. முதுகலையில் பல்கலைக்கழகத் தரவரிசை வாங்கியவள் நான். என்னிடம் அந்தச் சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லின் ஒலி என் வீட்டில் இல்லை, என் தெருவில் இல்லை, என் பள்ளிக்கூடத்தில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளியில் நமக்கு ஒரு பாடம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ‘அட் த ஏர்போர்ட்’ என்ற உரையாடல். ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் எதை எடுத்தாலும் அது இருக்கும். பெட்டியோடு ஒரு கனவான் வருவார், குட் மார்னிங் சொல்வார், ஜன்னல் சீட் கேட்பார். அதை எங்களுக்கு நடத்திய ஆசிரியரும் விமானம் ஏறியதில்லை, படித்த நாங்களும் ஏறியதில்லை. அறுபது பிள்ளைகள் கோரஸாகக் கத்தினோம். ஒரு ஊரைப் பார்க்காமலேயே அந்த ஊர் தெருப்பெயர்களை மனப்பாடம் செய்வது மாதிரி. நகரத்து மேல்சாதி வீட்டுப் பிள்ளை அந்தச் சொற்களைப் பாடமாகப் படிக்கவில்லை. அப்பாவை வழியனுப்பப் போனபோது, அமெரிக்காவிலிருந்து மாமா வந்தபோது, காரின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே கற்றுக்கொண்டது. பிறகு அதற்குப் பெயர் ‘நேச்சுரல் கம்யூனிகேஷன் ஸ்கில்’.

உங்களுக்கு உடனே பயன்படும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ‘டைரக்ட் ஃபிளைட்’ என்றால் நேராகப் போகும் விமானம் என்று நினைக்காதீர்கள். அது வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம், விமான எண் மாறாது என்பதுதான் பொருள். எங்கும் இறங்காமல் போவதற்குப் பெயர் ‘நான்ஸ்டாப்’. ‘லேஓவர்’ என்றால் அடுத்த விமானத்துக்காக நடுவழியில் காத்திருக்கும் நேரம். வெளிநாட்டுப் பயணத்தில் அது 24 மணி நேரத்தைத் தாண்டினால் ‘ஸ்டாப்ஓவர்’ என்பார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது மும்பையிலோ தில்லியிலோ இறங்கிச் சென்னைக்கு மாறினால், பெரும்பாலும் பெட்டியை அங்கேயே எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி போட வேண்டியிருக்கும். பெட்டி தானாக வரும் என்று நம்பி வந்து, சென்னையில் காலி பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆள் உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று, பல விமான நிலையங்களில் இப்போது ஒலிபெருக்கி அறிவிப்பைக் குறைத்துவிட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கேட் மாறும்.

அடுத்த சொல் ‘சர்நேம்’. இதில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். விமானச் சீட்டுப் படிவம் உங்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். உலகத்தின் பெரும்பகுதி இதற்குக் குடும்பப் பெயரை எழுதுகிறது. இந்தியாவின் பெரும்பகுதி சாதிப் பெயரை எழுதுகிறது. நமக்கு எழுத ஒன்றுமில்லை. ஏன் இல்லை? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொன்னது. பெரியார் தன் பெயரிலிருந்தே அதை வெட்டினார். அந்தப் பட்டங்கள் நம் தெருவுக்கு ஒருபோதும் கௌரவமாக வந்ததில்லை என்பது வேறு கதை. பட்டம் வைத்திருந்தவர்கள்கூட அதைச் சொல்லக் கூச்சப்படும் நிலை ஒரு மாநிலத்தில் வந்தது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் படிவத்துக்கு அதெல்லாம் தெரியாது. கட்டம் காலியாக இருந்தால் அது நகராது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது, ஒற்றைப் பெயரோடு பயணச்சீட்டு எடுத்துவைத்திருந்த பலர் திண்டாடினார்கள். பிறகு தகப்பன் பெயர் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அதனால் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே அப்பா பெயரையோ அம்மா பெயரையோ ‘சர்நேம்’ கட்டத்தில் போட்டுவிடுங்கள். நான் அப்பா பெயரைப் போட்டேன். ஒருமுறை தாமதமாக ஓடிக்கொண்டிருந்தபோது, இறுதி அழைப்பில் ‘மிஸ்’ என்று சொல்லி அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் செங்கல் சூளையில் வேலை செய்து, ஐம்பத்தோரு வயதில் இறந்துபோனவர். வாழ்நாளில் விமானத்தைக் கீழே இருந்து மட்டுமே பார்த்தவர். அந்தக் கூரையின் கீழ் எதிரொலித்த பெயர் அவருடையது. கேட் வரைக்கும் அழுதுகொண்டே ஓடினேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் விமானம் ஏறியது நான் இல்லை, சித்தப்பா. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு. எட்டாவது வரை படித்தவர். அவர் கடவுச்சீட்டில் ஈ.சி.ஆர். என்று ஒரு குறிப்பு இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடவுச்சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’. அதாவது இந்த ஆள் வேலைக்காக வெளிநாடு போவதற்கு முன்னால் அரசு சோதித்து அனுமதி தர வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்திலிருந்து வருவது இது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பொதுவாக இந்த வகைக்குள் வருவார்கள். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இது பொருந்தும். ஏமாற்று ஏஜென்டுகளிடமிருந்து தொழிலாளிகளைக் காப்பாற்றத்தான் இது என்று அரசு சொல்கிறது, அந்த நோக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் 2018 ஜனவரியில், இந்த வகைக் கடவுச்சீட்டுகளுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போடப்போகிறோம் என்று இதே அரசு அறிவித்ததே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? தூரத்தில் வரும்போதே இவன் படிக்காதவன் என்று தெரிய வேண்டுமாம். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும் என்ற ஏற்பாடு நம் பாட்டன்மார்களுக்குப் புதிதா? எதிர்ப்பு கிளம்பியது, அந்த மாத இறுதியிலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

2017 ஜூலை வரை வெளிநாடு போகும் இந்தியர்கள் ஒரு புறப்பாட்டுச் சீட்டை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. சித்தப்பா சொல்வார்: “பேனா வச்சிருக்கறவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிப்போம், யாரு நல்லவனாத் தெரியறான்னு.” ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்து எழுதி வாங்குவார். பதினான்கு வருடத்தில் எட்டு முறை போய்வந்தவர். ‘டியூட்டி ஃப்ரீ’, ‘எக்ஸஸ் பேக்கேஜ்’, ‘எக்ஸிட் ரீ-என்ட்ரி’, ‘அவுட் பாஸ்’, ‘மெடிக்கல் அன்ஃபிட்’, ‘கம்பெனி டிக்கெட்’. என்னைவிட அவருக்குத்தான் விமானச் சொற்கள் அதிகம் தெரியும். ஆனால் அவருடைய சொல்லகராதியை எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகமும் அச்சிட்டதில்லை. புத்தகத்து விமான நிலையத்தில் கட்டடத் தொழிலாளி வருவதே இல்லை. ஓவனில் வைத்த மாதிரி கொதிக்கும் வெயிலில் கம்பி கட்டிவிட்டு, பெட்டியில் போர்வையும் பவுடர் டப்பாவும் கட்டிக்கொண்டு வருபவன் அங்கே பயணியில்லை.

இப்போது வணிகச் சொல்லுக்கு வருகிறேன். ஒரே ஒரு சொல்: ‘ரீஇம்பர்ஸ்மென்ட்’. நான்கு வருடம் முன்னால் ஐரோப்பாவில் ஒரு மாநாட்டுக்கு என் கட்டுரை தேர்வானது. நான் படிக்கும் நிறுவனத்தில் பயண நிதி உண்டு. விண்ணப்பித்தேன், ‘சாங்ஷன்ட்’ என்று கடிதம் வந்தது. வீடே கொண்டாடியது. கடிதத்தின் கடைசி வரியில் இந்தச் சொல் இருந்தது. அகராதியில் அர்த்தம் ‘செலவழித்ததைத் திரும்பக் கொடுத்தல்’. ரொம்ப நல்ல சொல்லாகத் தெரிகிறது இல்லையா? திரும்பக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் செலவழித்திருக்க வேண்டும். பயணச்சீட்டு, விசாக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்பணம் தருவீர்களா என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் என்னை நிமிர்ந்தே பார்க்காமல், “எல்லாரும் போட்டுத்தானம்மா வாங்கிக்கிறாங்க” என்றார்.

அந்த ‘எல்லாரும்’ யார் என்று நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். அதே மாநாட்டுக்குப் போன என் வகுப்புத் தோழியின் அப்பா, அவருடைய கிரெடிட் கார்டில் சீட்டெடுத்தார். அந்தச் செலவுக்காக அவருக்கு இலவச மைல்கள்கூடச் சேர்ந்தன. எங்கள் அம்மா இரண்டு பவுன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தார். மீதியைச் சுயஉதவிக் குழுவிலும், சித்தப்பாவிடமும் வாங்கினோம். திரும்பி வந்து பில் போட்டேன். போர்டிங் பாஸின் அசல் எங்கே என்றார்கள். நான் கைபேசியில் காட்டி ஏறியிருந்தேன், தாள் இல்லை. விமான நிறுவனத்துக்கு எழுதிப் பயணச் சான்று வாங்கி இணைத்தேன். ‘இன்வாய்ஸ்’ கேட்ட இடத்தில் ‘கொட்டேஷன்’ வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை திரும்பியது. (கொட்டேஷன் என்றால் இவ்வளவு ஆகும் என்று சொல்வது, இன்வாய்ஸ் என்றால் இவ்வளவு கொடு என்று கேட்பது, ரிசீட் என்றால் கொடுத்துவிட்டாய் என்று ஒப்புக்கொள்வது. மூன்றும் வேறு. எனக்கு இது தெரிய ஒரு மாத வட்டி செலவானது.) பணம் வந்தது பதினோராவது மாதம். வட்டியை யாரும் ரீஇம்பர்ஸ் செய்யவில்லை. அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

என்னைப் பேச அழைத்தவர்கள் சொற்களைக் கேட்டார்கள். நான் சொல்ல வருவது, அர்த்தம் தெரிந்தும் நாம் மாட்டிக்கொள்ளும் சொற்கள் உண்டு என்பதை. அது இலக்கணப் பிழை இல்லை. ஆளுக்கு ஒரு லட்சம் கையில் இருக்கும் வீட்டைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்ட விதி. அதை எதிர்த்துக் கேட்கவும் ஒரு சொல் தெரிய வேண்டும்: ‘அட்வான்ஸ்’. உங்கள் நிறுவனத்தின் பயணப்படி விதிகளை வாங்கிப் படியுங்கள். பல இடங்களில் முன்பணத்துக்கு விதி இருக்கிறது, சொல்ல மாட்டார்கள். எங்கள் நிறுவனத்திலும் இருந்தது. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் அந்த விதியைக் காட்டி எழுத்தில் கேட்டு வாங்கினார்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ‘சி.டி.சி.’ என்பது உங்கள் சம்பளம் இல்லை. உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. நிறுவனத்தின் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் அதற்குள் இருக்கும். கையில் வருவதற்கு ‘டேக் ஹோம்’ என்று பெயர். கல்யாண வீட்டில் சி.டி.சி.யைச் சொல்லிக்கொள்ளலாம், வீட்டு வாடகைக்கு முன்பணம் கொடுக்கும்போது டேக் ஹோமை மட்டும் நம்புங்கள்.

நேர்முகத் தேர்வில் ‘டெல் மீ அபவுட் யுவர் ஃபேமிலி பேக்ரவுண்ட்’ என்று கேட்பார்கள். ஆங்கிலத்தைச் சோதிக்கும் எளிய கேள்வி மாதிரி இருக்கும். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லியில் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமைதான் என்று அடித்துச் சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, ஊரா நகரமா, வீட்டில் யார் படித்தவர்கள். இதில் பொய் சொல்லச் சொல்லி நான் கற்றுத்தர மாட்டேன். ஆனால் ஒரு வரியில் சொல்லிவிட்டு, உங்கள் படிப்புக்கும் வேலைக்கும் பேச்சைத் திருப்பப் பழகுங்கள். திருப்புவதற்கான வாக்கியங்கள் தாளின் பின்பக்கத்தில் இருக்கின்றன.

உச்சரிப்புக்கு வருகிறேன். ‘த்ரீ’யை ‘ட்ரீ’ என்று சொன்னதற்காகச் சிரிப்பு வாங்கியவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். பரவாயில்லை, நானும் தூக்குகிறேன். இப்போது ஒன்று சொல்கிறேன். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் வானொலியில் எண்களைச் சொல்ல, ஐ.சி.ஏ.ஓ. என்கிற பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு ஓர் உச்சரிப்பு அட்டவணை வைத்திருக்கிறது. அதில் மூன்றின் உச்சரிப்பு ‘ட்ரீ’. ஆயிரம், ‘டவ்சண்ட்’. ஐந்து, ‘ஃபைஃப்’. ஒன்பது, ‘நைனர்’. எழுத்துப்பூர்வமான விதி இது. இரைச்சலுக்கு நடுவிலும் எந்த நாட்டுக்காரர் சொன்னாலும் எந்த நாட்டுக்காரருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளை எதற்காகப் பெஞ்ச் மேல் நிற்க வைத்தார்களோ, அது முப்பதாயிரம் அடி உயரத்தில் சரியான ஆங்கிலம்.

அங்கே ஆங்கிலத்தை ஏன் அப்படி எளிமையாக்கினார்கள்? ஆட்கள் செத்தார்கள். 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் டச்சு விமானிகள் சொன்னதை, கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை புரிந்துகொண்டது. அந்தக் குழப்பம் பல காரணங்களில் ஒன்று. அதன் பிறகு ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்வது வழக்கமானது. மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’. 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே ஒரு கொலம்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். விமானிகள் ‘பிரையாரிட்டி’ கேட்டிருந்தார்கள், ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. இப்போது பன்னாட்டு விமானிகளுக்கு ஆறு நிலைகளில் ஆங்கிலத் தேர்வு இருக்கிறது, நான்காம் நிலை இருந்தால் போதும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் அங்கே அறிவுரை உண்டு: மரபுத்தொடர் பேசாதே, வேகத்தைக் குறை, எதிராளிக்குப் புரியும்படி பேசு.

உயிர் போகும் இடத்தில் புரிந்தால் போதும் என்கிறார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் அறையில் உச்சரிப்பு பார்க்கிறார்கள்.

அம்பேத்கரைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் விட மாட்டீர்கள். அவர் 1935-36 வாக்கில் எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புகளின் தலைப்பே ஒரு பயணச் சொல்தான்: ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’. அதில் எங்கும் வெளிநாட்டு விசா அலுவலகம் வராது. 1901இல் சிறுவனாக அண்ணனோடு ரயிலில் மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடை, நல்ல பேச்சு. நிலைய அதிகாரி பார்ப்பனப் பிள்ளைகள் என்றே நினைத்து அன்பாக விசாரிக்கிறார். யார் நீங்கள் என்று கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல் மகர் என்கிறான் பையன். அதிகாரியின் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் யாரும் வர மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வருகிறான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கி, தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டதும் அதே குறிப்புகளில்தான் இருக்கிறது. கொலம்பியாவின் ஆங்கிலத்தால் அந்த விடுதிக் கதவைத் திறக்க முடியவில்லை. அப்புறம் எதற்கு அண்ணே ஆங்கிலம் என்று போன வாரம் ஒரு தம்பி வேறொரு தோழரிடம் கேட்டாராம். அந்த விடுதியில் நடந்ததை அம்பேத்கர் எழுதியது எந்த மொழியில் என்று பாருங்கள் தம்பி. உலகம் படிக்கிறது. விரட்டியவர்கள் பெயர் எவருக்கும் தெரியாது.

நேரமாகிவிட்டது. தாளில் இருக்கும் நாற்பது சொற்களில் பதினொன்று சித்தப்பா சொன்னவை. அவரும் இன்று வந்திருக்கிறார், பின்வரிசையில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். டீக்குப் பிறகு இரண்டு நாற்காலியையும் ஒரு மேசையையும் போட்டுக் கவுன்ட்டர் மாதிரி நடத்தப் போகிறோம். சித்தப்பாதான் இமிக்ரேஷன் அதிகாரி. எதிரில் நிற்கிற அனுபவம் அவருக்குப் பதினான்கு வருடம் உண்டு, அதனால் கேள்விகள் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். கடவுச்சீட்டு இன்னும் எடுக்காதவர்கள் அடுத்த வாரம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து விண்ணப்பித்துவிடலாம். கட்டணம் 1,500 ரூபாய். முடியாதவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வட்டத்தின் பணத்திலிருந்து கொடுக்கிறோம். முன்பணமாக.